வீணைக்கும் உண்டு ஒரு சங்கல்பம்!

உங்கள் வீட்டுப் பரண் மீது, துணி சுற்றி வைத்த ஒரு வீணை இருக்கிறதா தோழியரே? வீணை இல்லையென்றால் ஒரு வயலின்? அதுவும் இல்லையென்றால், பிள்ளைக்கு ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்து, ஆறே மாதத்தில் உறை போட்டு மூடிய கீ-போர்டு?

'இருக்கிறதே!' என்று பெருமூச்சு விடுகிறவர்களில் நானும் ஒருத்தி. 'அடுத்த நவராத்திரிக்குள் நாலு பாட்டு வாசித்துவிட வேண்டும்' என்று சபதம் போட்டு ஆரம்பிப்போம். நவராத்திரி வரும், போகும். நாலு பாட்டு வந்திருக்காது. 'நமக்கெல்லாம் கொடுப்பினை இல்லை' என்று சொல்லி, வாத்தியத்தைச் சுவரோரம் சாய்த்துவிடுவோம்.

'பாட்டு வாத்தியம் கற்றுக்கொள்வது பற்றி ஆன்மிகப் பத்திரிகையில் என்ன பேச்சு?' என்று நினைக்காதீர்கள். செலியமேட்டில் இருக்கும் என் சித்தி கேட்ட ஒரு கேள்விதான் இந்தக் கட்டுரை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், தினமும் நாம் பூஜையறையில் செய்கிற ஒரு காரியத்தின் அர்த்தமே எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மூன்று முறை கேட்டார்கள்...

புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் வந்து, கிருமாம்பாக்கம் பக்கம் மேற்கே திரும்பினால் பாகூர். வேதாம்பிகை சமேத மூலநாதர் அருள்பாலிக்கும் சோழர் காலத்துத் திருக்கோயில் இருக்கும் ஊர். அந்தக் கொம்யூனைச் சேர்ந்த கிராமம்தான் செலியமேடு. புதுவையின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய வயல்வெளிப் பகுதி.

சித்தி வீணையைக் கையில் எடுத்தது, ஒரே மகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிய பிறகு. அப்போது அவருக்கு வயது 47. ஒரு விஜயதசமி நாளில் ஆரம்பித்தார். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போய், ஓர் ஆசிரியையிடம் பாடம். மற்ற நாட்களில் வீட்டுக் கூடத்தில் பயிற்சி.

அந்தக் கூடத்தில்தான் அவருடைய மாமியாரின் கட்டிலும் இருந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர். அவருக்கு ஓர் அம்பாள் கீர்த்தனை மேல் உயிர். அதை அடுத்த நவராத்திரிக் கொலுவில் அத்தைக்கு முழுசாக வாசித்துக் காட்டிவிட வேண்டும்... இதுதான் சித்தி வைத்துக்கொண்ட இலக்கு. எவ்வளவு நல்ல இலக்கு, பாருங்கள்! அதில் சுயநலம் துளியும் இல்லை.

ஆனால், ஒரு வருஷத்தில் கீர்த்தனை வரை போவது அவ்வளவு சுலபமா? சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம் என்று ஏறிய பிறகுதானே கீர்த்தனை? சித்திக்குப் பொறுமை இல்லை. தை மாதம் பிறந்ததும், ஆசிரியைக்குத் தெரியாமல் செல்போனில் வீடியோ பார்த்து, அந்தக் கீர்த்தனையைத் தானாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார். விரல் வைப்பதெல்லாம் தப்பும் தவறுமாகப் பழகிவிட்டது. அதைக் கண்டுபிடித்த ஆசிரியை, பழகியதை மறக்க வைக்கவே மூன்று மாதம் பிடித்தது.

ஆடி மாதம். பல்லவியும், அனுபல்லவியில் பாதியும் திக்கித் திணறி வந்தது. கட்டிலிலிருந்து மாமியார் கேட்டார்: "ஏம்மா, அந்தப் பாட்டைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன்."

"இன்னும் சரியா வரலை அத்தை. நவராத்திரிக்கு முழுசா வாசிக்கிறேன்."

ஆவணியில் ஒரு முறை கேட்டார். புரட்டாசி பிறந்ததும் இன்னொரு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். மகாளய அமாவாசைக்கு நாலு நாள் முன்பு, மாமியார் இறைவனடி சேர்ந்துவிட்டார். அந்த வருஷம் வீட்டில் கொலுவே வைக்கவில்லை.

ஆறு மாதம் கழித்து நான் போனபோது, வீணை துணிக்குள் இருந்தது. சித்தி கேட்டார்: "நான் இலக்கு வெச்சதுதான் தப்பாம்மா? பலனை எதிர்பார்க்காதேன்னு கீதையில சொல்லியிருக்கே! நான் எதிர்பார்த்தேன். அதான் இப்படி ஆயிடுச்சா?"

எனக்குச் சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை.

கீதை எதை வேண்டாம் என்கிறது?

ஊருக்குத் திரும்பியதும் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் பகவான் சொல்வது நம் எல்லோருக்கும் தெரியும். செயலில்தான் உனக்கு உரிமை, பலனில் இல்லை என்கிறார். ஆனால், அதே சுலோகத்தின் கடைசிப் பகுதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். செய்யாமல் சும்மா இருப்பதிலும் பற்று வைக்காதே என்று அங்கே எச்சரிக்கிறார். 'எதிர்பார்ப்பே வேண்டாம்' என்று வீணையை மூடி வைப்பதற்குக் கீதையில் அனுமதி இல்லை!

பாகூர்ப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள். எந்த நெல், எப்போது நாற்று விடுவது, எப்போது நடவு என்று தீர்மானம் செய்துகொள்ளாமல் அவர் வயலில் இறங்குவாரா? ஆனால் மழை பெய்வதும், பாகூர் ஏரி நிரம்புவதும் அவர் கையில் இல்லை. அதற்காக நடவு நாளைக் குறிக்காமலும் இருப்பதில்லை. தன் கையில் இருப்பதற்கு நாள் குறிக்கிறார். கையில் இல்லாததை ஆண்டவனிடம் விட்டுவிடுகிறார்.

அப்படியானால் எதற்கு நாள் குறிக்கலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இந்த இடத்தில்தான் எனக்கு நம் பூஜையறை ஞாபகம் வந்தது.

சங்கல்பம் சொல்லும் பாடம்

எந்தப் பூஜையையும் ஹோமத்தையும் சங்கல்பம் செய்துகொண்டுதான் ஆரம்பிக்கிறோம். வருஷத்தின் பெயர், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, கிழமை, நட்சத்திரம் எல்லாவற்றையும் வாத்தியார் அடுக்கிக்கொண்டே போவார். நாம் கையை மூடிக்கொண்டு, 'எப்போதடா முடியும்?' என்று காத்திருப்போம்.

கொஞ்சம் நின்று கவனியுங்கள். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன பலனுக்காக என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் 'கரிஷ்யே' என்று முடிகிறது. 'செய்கிறேன்' என்று அர்த்தம். 'அடைவேன்' என்றோ, 'ஆகிக் காட்டுவேன்' என்றோ அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. பலனைக் கேட்கலாம், தவறே இல்லை. சங்கல்பத்திலேயே க்ஷேமம், ஆரோக்கியம், ஐஸ்வர்யம் எல்லாம் கேட்கத்தான் செய்கிறோம். ஆனால் உறுதிமொழி மட்டும் இன்றைய செயலுக்குத்தான். பூஜை முடிந்ததும், அந்தப் பலனையும் பகவானுக்கே அர்ப்பணம் செய்துவிட்டு எழுந்திருக்கிறோம்.

சித்தி வைத்துக்கொண்டது, 'ஒரு வருஷத்தில் கீர்த்தனை வாசிக்கிறவளாக ஆகிவிடுவேன்' என்ற இலக்கு. அதில் இன்றைக்கு என்ன செய்ய வேண்டும் என்பதே இல்லை. அதனால்தான் இன்றைய சரளி வரிசை அவருக்குத் தடையாகத் தெரிந்தது. தாண்டிக் குதிக்கப் பார்த்தார். ஆசை நல்ல ஆசைதான். அதைத் தாங்கிக்கொள்ளும் சங்கல்பம்தான் இல்லாமல் போனது.

தியாகராஜ சுவாமிகளின் கணக்கு

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் 96 கோடி முறை ராம நாமம் ஜபித்தார் என்பது நம் சங்கீத மரபு போற்றிச் சொல்லும் செய்தி. அதற்கு 21 வருஷங்கள் ஆயிற்று என்பார்கள். ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒண்ணேகால் லட்சம் நாமம் வருகிறது!

96 கோடி என்று கேட்டால் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த மகான் ஒவ்வொரு நாள் காலையிலும் உட்கார்ந்தது 96 கோடிக்காக இல்லை, அன்றைய பங்குக்காக. பெரிய எண் எங்கோ ஓரத்தில் இருந்தது. கையில் இருந்தது அன்றைய நாள்.

சங்கீதம் கற்பிக்கும் முறையிலும் இதே ஞானம் இருக்கிறது. ஆரம்பப் பாடங்களை மாயாமாளவகௌள ராகத்தில் வகுத்துக் கொடுத்தவர் என்று 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசரைப் போற்றுகிறோம். பெரிய பக்தர் அவர். ஆனாலும் எடுத்த எடுப்பில் பாட்டைக் கையில் கொடுக்கவில்லை. முதலில் ஏழு ஸ்வரத்தை ஒரே சீராக ஏறி இறங்கு. பிறகு அதையே இரண்டாம் காலத்தில், மூன்றாம் காலத்தில் வாசி... இப்படி ஒவ்வொரு படியும் ஒரு நாளில் கைக்குள் அடங்கும் அளவு. இதைவிட நல்ல 'இலக்கு அட்டவணை' எங்கே கிடைக்கும்?

மேல்நாட்டிலும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆண்டர்ஸ் எரிக்சன் என்ற உளவியல் அறிஞர், பெர்லின் நகர இசைக் கல்லூரியில் வயலின் படித்த மாணவர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியை 1993-இல் வெளியிட்டார். அதை வைத்துத்தான், '10,000 மணி நேரம் பயிற்சி செய்தால் யாரும் மேதை ஆகிவிடலாம்' என்ற பேச்சு 2008-க்குப் பிறகு உலகமெங்கும் பரவியது. எரிக்சனே அதை மறுத்தார். எத்தனை மணி நேரம் என்பது மட்டும் போதாது; எதைத் திருத்துகிறோம் என்று தெரிந்து, கவனத்தோடு செய்கிற பயிற்சிதான் பலன் தரும் என்பது அவர் கருத்து. கவனம் சிதறாத சிறு சிறு அமர்வுகளும், நடுவில் ஓய்வும் வேண்டும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

ஆகவே 'தினம் ஒரு மணி நேரம் வாசிப்பேன்' என்பதுகூட நல்ல சங்கல்பம் ஆகாது. சீரியலைக் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் தந்தியை மீட்டிவிடலாமே! 'இன்றைக்கு மூன்றாவது ஜண்டை வரிசை, முதல் காலத்தில், தடங்காமல் பத்து முறை'... இது சங்கல்பம். வீணையில் 24 மெட்டுகள். அதில் உங்கள் விரல் வழுக்கும் இடம் ஒன்றோ, இரண்டோதான் இருக்கும். அந்த இடத்தின் பெயரைச் சொல்லி ஆரம்பியுங்கள்.

"நேரத்துக்கு எங்கே போவது?"

நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சமையல், பிள்ளைகளின் பரீட்சை, பெரியவர்களுக்கு மாத்திரை, வந்து போகும் விருந்தாளிகள்... இதற்கு நடுவில் எனக்கென்று ஒரு நேரம் ஒதுக்கிக்கொள்வதே குற்ற உணர்ச்சியாக இருக்கிறது என்று எத்தனையோ தோழிகள் சொல்லியிருக்கிறார்கள்.

பாகூரிலேயே இதற்கொரு பதில் இருக்கிறது. அங்கே கிடைத்த பல்லவர் செப்பேடு பற்றிப் படித்திருப்பீர்கள். 9-ஆம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இயங்கிய வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்த செய்தியைச் சொல்லும் செப்பேடு அது. வித்யாஸ்தானம் என்றால் அந்தக் காலத்துக் கல்லூரி. படிக்கிறவர்களுக்குக் கவலை இல்லாத நேரம் வேண்டும், அதை யாராவது ஒதுக்கித் தர வேண்டும் என்பதை அன்றைக்கே உணர்ந்திருக்கிறார்கள்.

நமக்கு மூன்று ஊர் வேண்டாம். யாரும் கூப்பிடாத நாற்பது நிமிடம் போதும்! அந்தத் தானத்தை நமக்கு நாமே கொடுத்துக்கொள்வதில் பாவம் ஒன்றும் இல்லை.

சரி, அதுவும் தவறிப்போகிற நாட்கள் வருமே? வரும். அதற்கும் நம் சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. சந்தியாவந்தனம் செய்கிறவர்களுக்குக் காலம் தப்பிவிட்டால், பிராயச்சித்த அர்க்கியம் என்று ஒன்று கூடுதலாக விடுவார்கள். விட்டுவிட்டு, மேற்கொண்டு நடக்க வேண்டியதைத் தொடர்வார்கள். 'ஒரு வேளை தவறிவிட்டது, இனிமேல் வேண்டவே வேண்டாம்' என்று யாரும் பஞ்சபாத்திரத்தைக் கவிழ்த்து வைப்பதில்லை. நேற்று விட்டுப்போனால் இன்றைக்கு ஒரு வரிசை கூடுதலாக வாசியுங்கள். அவ்வளவுதான் பிராயச்சித்தம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் இலக்கை நம் பிள்ளையின் விரலில் வைக்கிறோமே, அது சங்கல்பம் ஆகுமா? 'பக்கத்து வீட்டுப் பெண் வர்ணம் வாசிக்கிறாள், நீ இன்னும் அலங்காரத்திலேயே இருக்கிறாயே' என்று கேட்கும்போது, அங்கே சரஸ்வதியைக் காணோம், போட்டிதான் இருக்கிறது. ஒருவருக்காக இன்னொருவர் சங்கல்பம் செய்துகொள்ளலாம், வீட்டில் நாமே செய்கிறோம். ஆனால் அப்போது விரதத்தை நாம் அல்லவா இருக்கிறோம்? பிள்ளையின் பயிற்சிக்கு நாம் இருக்க வேண்டிய விரதம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது!

முழுசாக ஆகும்வரை காத்திருக்க வேண்டுமா?

இதெல்லாம் யோசித்துச் சித்தியிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அதெல்லாம் சரிம்மா. ஆனா என் மனசு உறுத்தறது வேற. மூணு தடவை கேட்டாங்களே... பாதிப் பாட்டையாவது வாசிச்சுக் காட்டியிருக்கலாமே?" என்றார்.

தோழியரே, அங்கேதான் என் அறிவெல்லாம் முடிந்துபோனது. அதற்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியவில்லை. 'தினமும் உங்கள் சரளி வரிசையைக் கேட்டுக்கொண்டுதானே படுத்திருந்தார்கள், அதுவே போதும்' என்று சொல்லிப் பார்த்தேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது சரளி வரிசையை இல்லையே!

பாப்லோ கசால்ஸ் என்று ஸ்பெயின் நாட்டு செல்லோ மேதை ஒருவர். 13 வயதில் ஒரு பழைய கடையில் பாக் என்ற இசை மேதை செல்லோவுக்காக எழுதிய இசைத் தொகுப்பு அவருக்குக் கிடைத்தது. அதைத் தினமும் பயிற்சி செய்து, சபையில் வாசிக்கத் துணிய 12 வருஷங்கள் எடுத்துக்கொண்டாராம். சபைக்கு அந்தக் காத்திருப்பு நியாயம்தான். ஆனால் வீடு சபை இல்லையே? கட்டிலில் படுத்திருக்கும் மாமியார் டிக்கெட் வாங்கி வந்த ரசிகர் இல்லையே?

அம்பாளுக்கு நைவேத்தியம் செய்ய, வடை பாயசத்தோடு விருந்து தயாராக வேண்டும் என்று காத்திருக்கிறோமா? இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு வெல்லம் இருந்தால் அதை வைத்து மணியடித்துவிடுகிறோம். அன்றைக்குக் கையில் இருப்பதை அன்றைக்கே கொடுப்பதுதான் நிவேதனம். பாதி வந்த கீர்த்தனையும் அப்படித்தான். இலக்கு என்பது நம்மை நடத்திச் செல்லத்தான் இருக்கிறது. கேட்கிறவருக்கு இல்லை என்று சொல்ல, அதை ஒரு காரணமாக்கிக்கொள்ளக் கூடாது. சித்தி கொடுத்த விலையில் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

காலண்டர் தாளின் பின்பக்கம்

சித்தியை மறுபடி வீணை முன் உட்கார வைத்தது என் விளக்கம் இல்லை, அவருடைய ஆசிரியைதான். ஒரு நாள் போன் செய்து, ஆறுதல் எதுவும் சொல்லாமல், "இன்னைக்கு என்ன வாசிக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாராம். சித்திக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. "ஸ ரி க ம... அதையே ஒரு தடவை வாசிங்க. நாளைக்கு மறுபடி கேட்கிறேன்" என்று வைத்துவிட்டாராம்.

போன மாதம் செலியமேட்டுக்குப் போயிருந்தேன். பூஜையறைக் கதவில் தினசரி காலண்டர் தொங்குகிறது. கிழித்த தாள்களைச் சித்தி எறிவதில்லை. ஒரு நூலில் கோத்து வைத்திருக்கிறார். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் தமிழ் மாதம், கிழமை, திதி, நட்சத்திரம். பின்பக்கம் சித்தியின் கோணல் கையெழுத்தில் அன்றைய பயிற்சி. யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஒரே தாளில் சங்கல்பம் முழுசாக அமைந்திருந்தது! நான் அதைச் சொன்னபோது, சித்திக்கே அது புதுச் செய்தியாக இருந்தது.

சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனம், குங்குமம் இட்டு ஓய்வு. அந்த ஒரு தாளின் பின்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. அடுத்த நாள் விஜயதசமித் தாளில் மறுபடி எழுத்து.

அந்த அம்பாள் கீர்த்தனை இப்போது முழுசாக வந்துவிட்டதா என்று கேட்பீர்கள். இல்லை. சரணத்தில் ஓர் இடம் இன்னும் உதைக்கிறது. ஆனாலும் வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றியதும், அம்பாள் படத்தின் முன்பாக, பக்கத்தில் இருக்கும் மாமியாரின் படத்தையும் பார்த்தபடி, அதை வாசித்துவிடுகிறார். அந்த இடம் வந்ததும் நிற்கிறார். மறுபடி எடுத்து வாசித்து, மேலே போகிறார். நான் இருந்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான். வாசித்து முடித்ததும், தாளின் பின்பக்கம் எழுதினார்:

'சரணம், இரண்டாவது வரி. பத்து முறை. எட்டு முறை தடங்கல்.'

பரண் மேலிருக்கும் உங்கள் வீணையை இந்த வாரம் இறக்கிவிடுங்கள் தோழியரே. தூசு தட்டி, சுருதி சேர்த்து, விளக்கேற்றிய கையோடு அதன் முன்னே உட்காருங்கள். ஒரு வருஷத்துக்கான சபதம் எதுவும் வேண்டாம். இன்றைய திதி, இன்றைய நட்சத்திரம், இன்றைக்கு ஒரே ஒரு வரிசை. வீட்டில் யாராவது 'வாசித்துக் காட்டு' என்று கேட்டால், வந்தவரைக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

மற்றதைக் கலைவாணி பார்த்துக்கொள்வாள்!